கறுப்புப் பட்டை இல்லாத பக்கம்

ஸ்கெல்பரோ நகராட்சியின் உரிமக் குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே கூட்டத்துக்கான ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். விதி அப்படி. ஊரில் யாரும் அதைப் படிப்பதில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படித்தாக வேண்டும், நான் படித்தேன். டாக்சி உரிமம் ரத்து, நாய்க் காப்பகம், கெபாப் கடைக்குக் கூடுதல் நேரம், கடைசியாகக் கேப்ஸ்டன்.

கேப்ஸ்டன் துறைமுகச் சாலையில் இருந்தது. பெண்கள் ஆடை களைந்து ஆடும் கிளப். ஆண்டுக்கு ஒருமுறை நகராட்சியிடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை எதிர்ப்பு அதிகம். அறுபதாம் பக்கம் வரை எதிர்ப்புக் கடிதங்கள்தான். ஒவ்வொன்றிலும் பெயர் இருந்த இடத்தில் தடித்த கறுப்புப் பட்டை. எதிர்ப்பாளர் எண் ஒன்று, எண் இரண்டு என்று அடையாளம். எதிர்ப்பவரின் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். கிளப்காரன் ஆள் அனுப்பி யார் வீட்டு ஜன்னலையாவது உடைத்துவிட்டால் என்ன செய்வது?

அறுபத்தோராம் பக்கத்தில் பட்டை இல்லை. அங்கே ஓர் அட்டவணை இருந்தது. இடது பக்கம் மேடைப் பெயர்கள்: ரூபி, ஜுனிப்பர், சஃபயர், டெக்ஸா. வலது பக்கம் அவர்களுடைய சொந்தப் பெயர்கள், குடும்பப் பெயரோடு. அங்கே ஆடும் பதினான்கு பெண்களும் இருந்தார்கள். தலைப்பு: விண்ணப்பத்துக்கு ஆதரவு.

உடனே கேப்ஸ்டனுக்குப் போன் போட்டேன்.

"இன்னும் தெறக்கல." வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு பேசும் குரல்.

பார்த்ததைச் சொன்னேன். பீங்கான் தட்டில் குண்டூசிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது.

"பேரா? நெசப் பேரா?"

"ஆமாங்க."

"நீ படிச்சியா கண்ணு?"

"கண்ணுல பட்டுது."

"மறந்துரு." போன் வைக்கப்பட்டது.

அதுதான் கிளெனிஸ் ஹார்க்கர்.

அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. ஒரு கல்யாணம், ஒரு விவாகரத்து, ஒரு காது கேளாத பூனை. கேப்ஸ்டனின் ஒப்பனை அறை அவருடைய ராஜ்ஜியம். அறுந்த கொக்கியைத் தைப்பது, பசித்தவளுக்கு ரொட்டி வாட்டிக் கொடுப்பது, குதிகால் உடைந்த செருப்பை ஒட்டுவது, அழுகிறவளை அழவிடுவது, குடித்தவளை மேடைக்கு விடாமல் வீட்டுக்கு அனுப்புவது, அவள் டாக்சியில் ஏறிக் கதவு சாத்தும் வரை வாசலில் நிற்பது. இப்படி ஒரு வேலை இந்தத் தொழில் நடக்கும் எல்லா ஊர்களிலும் உண்டு. பெண்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவரும் ஆடியவர்தான். பதினாறு வயதில் மீன் கிடங்கில் கத்தி பிடித்தவர். காட் மீனையும் ஹாடக் மீனையும் முள் நீக்கி அறுக்கிற வேலை. பனிக்கட்டித் தண்ணீரில் கை மரத்துப்போகும். அங்கிருந்த பெண்கள் சிலர் சனிக்கிழமை மதியங்களில், கப்பலிலிருந்து திரும்பியவர்கள் குடிக்கும் விடுதியில் ஆடப் போனார்கள். இவரும் போனார். மேடைப் பெயர் டல்லாஸ். விரலில் மீன் வாடை போக எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்துக்கொண்டு போவார். கேப்ஸ்டன் ஒப்பனை அறைக் கண்ணாடிக்குக் கீழே கடைசி நாள் வரை அரை எலுமிச்சைகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. இப்போது அவை வேறு காரியத்துக்கு: வெயில் நிறத்துக்காகப் பூசும் களிம்பு உள்ளங்கையில் திட்டுத்திட்டாக நின்றுவிட்டால் எலுமிச்சையைப்போல எதுவும் அதை எடுக்காது.

ஏன் ஆடப் போனீர்கள் என்று கேட்கும் எவருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

"கெடங்குல மீன் வெட்டுறப்ப மேஸ்திரி பின்னாடி வந்து கைய வைப்பான். வச்சா வாய மூடிக்கிட்டு வெட்டணும். மேடையில எவனாவது கைய வச்சா அவன வெளிய தூக்கி எறிவாங்க. எது மரியாதப்பட்ட வேலைன்னு நீயே சொல்லு."

இதனால் கேப்ஸ்டன் முதலாளி லென் காட்ஸ்பியை அவருக்குப் பிடிக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலில் ஆடுகிறவள்தான் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்கு மேடையேறும் கட்டணத்தை முன்பே வைத்துவிட வேண்டும். மழை நாளில் சில பெண்கள் கையில் ஒன்றுமில்லாமல், கட்டணத்தையும் இழந்து போவார்கள். "கவுன்சில் எழுதுன அத்தன நிபந்தனையிலயும் இந்த அநியாயத்தப் பத்தி ஒரு வரி கெடையாது. மீட்டர் மட்டும் நல்லா அளக்கத் தெரியும்" என்பார் கிளெனிஸ்.

மீட்டர் என்றது உரிம நிபந்தனையை. ஆடுகிறவளுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உரிம அதிகாரி ட்ரெவர் பில்லிங் இதைச் சரிபார்க்க அவ்வப்போது பகல் வேளையில் அளவு நாடாவோடு வருவார். மெலிந்த, பணிவான மனிதர். நாற்காலிக் காலிலிருந்து மேடை விளிம்பு வரை முழங்காலிட்டு அளப்பார். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே தெரிகிறதா என்று தெருவில் நின்று எட்டிப் பார்ப்பார். வயதுச் சான்றுகளின் நகலை வாங்கிக்கொண்டு போவார். அதுவும் நிபந்தனைதான்.

"ஏன் ட்ரெவரு, வீட்ல உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் நடுவுல எவ்வளவு வச்சிருக்க?"

"அதுக்கு உரிமம் தேவையில்லைங்க, மிஸஸ் ஹார்க்கர்."

"அப்ப ரெண்டு மீட்டராத்தான் இருக்கும்."

ட்ரெவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்துக்கொள்வார். பெண்களுக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் வந்துபோகிற இடத்தில் லென் காட்ஸ்பி கொஞ்சம் அடங்கி இருப்பான்.

நகராட்சிக்கு நூற்றுக்கும் மேல் நிபந்தனைகள். ஒப்பனை அறைக்கு ஒரே சட்டம்தான், அது எங்கும் எழுதப்படவில்லை. பேர் கேட்காதே, தெரிந்தால் சொல்லாதே. செரீஸ் என்று ஒருத்தி சண்டையில் இன்னொருத்தியின் சொந்தப் பெயரைக் கூட்டத்துக்கு நடுவே கத்திக் கூப்பிட்டாள். ஒரே ஒரு முறை. கிளெனிஸ் அவளுடைய பையைத் தானே கட்டிக் கையில் கொடுத்து, டாக்சியும் பிடித்துக் கொடுத்தார். செரீஸ் நன்றாக ஆடுகிறவள், கூட்டம் கொண்டுவருகிறவள். லென் கெஞ்சிப் பார்த்தான். கிளெனிஸ் மசியவில்லை.

"அவ என்ன துணிய வேணா கழட்டலாம். அடுத்தவ பேரக் கழட்டக் கூடாது."

இந்தச் சட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

துறைமுகத்தைச் சுற்றிக் கடல் பார்த்த அடுக்குமாடி வீடுகள் வரவிருந்தன. கூட்டத்துக்கு முந்திய குளிர்காலத்தில் நகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. துறைமுகப் பகுதிக்கு ஏற்ற இப்படிப்பட்ட கிளப்புகளின் எண்ணிக்கை எத்தனை? பூஜ்யம். ஆனாலும் விண்ணப்பம் வந்தால் குழு உட்கார்ந்து கேட்டுத்தான் தீர வேண்டும். எதிர்ப்பவரும் எழுதலாம், ஆதரிப்பவரும் எழுதலாம். தேதி முடிந்தபின் புதிதாக யாரும் நுழைய முடியாது. கேப்ஸ்டன் பெண்கள் பதினான்கு பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். இங்கே வாசலில் ஆள் உண்டு, கேமரா உண்டு, அம்மா உண்டு. இதை மூடினால் நாங்கள் ஆடாமல் இருக்கப்போவதில்லை, கதவு பூட்டிய ஹோட்டல் அறையில் ஆடுவோம். இவ்வளவுதான் சாரம். அடியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எப்படி? அந்த அறையில் அவர்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டாலும் போடுவதைப்போல. ரூபி, ஜுனிப்பர், சஃபயர், டெக்ஸா. ஒருத்திக்குக்கூட வேறு யோசனை வரவில்லை. கிளெனிஸுக்கும் வரவில்லை.

நகராட்சி வழக்கறிஞர் பார்த்தார். இப்படிப் பெயருள்ள ஆட்களே ஊரில் இல்லை, கடிதம் செல்லாது என்றார். ட்ரெவருக்கு மனம் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் நிஜம் என்று அவருக்குத் தெரியும். வயதுச் சான்றுகளின் நகல்கள் அவர் அலமாரியில் இருந்தன. உட்கார்ந்து மேடைப் பெயரையும் சொந்தப் பெயரையும் பொருத்தி ஓர் அட்டவணை செய்து, கடிதத்தோடு இணைத்துவிட்டார்.

என் போன் வந்த மறுநிமிடம் கிளெனிஸ் கிளம்பியிருக்க வேண்டும். நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கவுன்டர் முன்னால் நின்றிருந்தார், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு, வீட்டுச் செருப்போடு.

"டோக்கன் எடுத்தீங்களா?" என்றாள் கவுன்டரில் இருந்தவள்.

"பதினாலு பொம்பளைங்க பேர ஊருக்கே தூக்கிக் குடுத்திருக்கீங்க. அதுக்கு எந்த வரிசையில டோக்கன், சொல்லு தாயி."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. பின்னாடி ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அவங்க பேரு உங்க வெப்சைட்டுல இல்லையே, அவங்களுக்கு என்ன கவலை."

ட்ரெவர் இறங்கி வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"நான் உங்களுக்கு உதவத்தான் பண்ணேன், மிஸஸ் ஹார்க்கர். குழு பார்க்க மட்டும்னுதான் குறிச்சு அனுப்பினேன். ஏத்துறவங்க முழுசா ஏத்திட்டாங்க."

"அறுபது பக்கத்துக்குக் கறுப்பு மை இருந்துச்சே தம்பி. அறுபத்தோராவது பக்கத்துக்குத் தீந்துபோச்சா?"

"எதிர்ப்பாளர் பேர மறைக்கணும்னு சட்டம் இருக்கு. ஆதரவாளரப் பத்தி சட்டத்துல எதுவும் இல்ல. அதனால யாருக்கும் தோணல."

"உனக்கும் தோணலையா? எங்க தரையில முட்டி போட்டு அளந்தவன் நீ. உனக்குமா தோணல?"

பக்கத்தை இப்போதே எடுக்கச் சொல்லுங்கள் என்றேன் நான். எடுக்கத் தெரிந்தவர் பயிற்சி வகுப்பில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, அவருடைய மேலாளரின் அனுமதி வாங்கி, மேலாளர் இன்னொருவரைக் கேட்டு, பக்கம் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. அதுவரை கிளெனிஸ் உட்காரவில்லை. எடுக்கும் முன் கவுன்டர் திரையைக் கிளெனிஸ் பக்கம் திருப்பி, சரியான பக்கம்தானா பாருங்கள் என்றாள் அந்தப் பெண். கிளெனிஸ் திரையில் வலது பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு இடது பாதியை மட்டும் பார்த்தார்.

"ஆமா. இதுதான்."

போகும்போது ட்ரெவர் பின்னாலேயே வந்தார். "இன்னொண்ணு இருக்கு. அந்தக் கடிதம் கணக்குல சேரணும்னா கூட்டத்துல பேர உறுதிப்படுத்தணும். தலைவர் கேட்டா நான் வாசிக்கணும். கூட்டம் நேரலையில போகும்."

"வாசிக்கலைன்னா?"

"கடிதமே இல்லைன்னு ஆகிடும்."

அன்று சாயங்காலம் ஒப்பனை அறையில் நடந்ததை ரூபி பின்னால் என்னிடம் சொன்னாள். ரூபிதான் அவர்களில் மூத்தவள். வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள். கடிதத்தைத் திரும்பப் பெறக் கூடாது என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"ஏற்கனவே நாறிப்போச்சுல்ல அம்மா. பாதி நாள் நெட்ல கெடந்துச்சு. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? படிச்சா படிக்கட்டும். என் மாமியாருக்கே தெரியும். எனக்கு வேல வேணும்."

"உனக்குச் சரி. மத்தவளுக்கு?"

அப்போது ஜுனிப்பர் பேசினாள். நான்கு வருடமாக அந்த அறையில் அதிகம் பேசாதவள். பகலில் நர்ஸ் படிப்பு, வாரத்தில் மூன்று நாள் கேப்ஸ்டன்.

"நான் இந்த ஊர்க்காரி இல்ல. ஒருத்தன்கிட்டயிருந்து தப்பிச்சு வந்தவ. ரெண்டு தடவ கதவ ஒடச்சு உள்ள வந்திருக்கான். கோர்ட்டு உத்தரவு காட்டுனேன், அதையும் என் கண்ணு முன்னாடியே கொளுத்துனான். அவனுக்கு என் பேரு தெரியும், ஊரு தெரியாது. இப்பவும் என் பேரப் போட்டுத் தேடிக்கிட்டுத்தான் இருப்பான். அந்தப் பக்கத்துல ரெண்டும் சேந்து இருந்துச்சு. பாத்திருப்பானான்னு தெரியல. ஆனா கூட்டத்துல படிச்சா அந்த வீடியோ என்னைக்கும் அழியாது."

ரூபி எழுந்து போய் மூலையில் நின்று சிகரெட் பற்றவைத்தாள். அறைக்குள் புகைக்கக் கூடாது என்பது நிபந்தனை எண் முப்பதோ என்னவோ. கிளெனிஸ் தடுக்கவில்லை. பாதிச் சிகரெட்டை எலுமிச்சைக் கிண்ணத்தில் அணைத்துவிட்டு ரூபி திரும்பி வந்தாள்.

"எழவு. கடிதத்தத் திரும்ப வாங்கிருங்க."

திரும்பப் பெற்றார்கள். இனி பெண்கள் தரப்பில் பேச யாருமில்லை. தேதி முடிந்துவிட்டது. லென் காட்ஸ்பியின் விண்ணப்பத்தில் ஊழியர் நலப் பொறுப்பாளர் என்று கிளெனிஸின் பெயர் இருந்தது. அந்த ஒரு வழியில் அவர் மட்டும் பேசலாம்.

உரிமக் குழு நகர மண்டபத்தின் பழைய அவையில் கூடியது. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் ஒரு மீனவன், ஒரு நங்கூரம், ஒரு தேவதை. தேவதையின் உடலில் துணி குறைவுதான். அவளுக்கு உரிமம் தேவைப்படவில்லை. மூன்று கவுன்சிலர்கள். நடுவில் தலைவர் கவுன்சிலர் ஆட்லி, ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை, யாரையும் ஏசாத பெண்மணி. மேலே பார்வையாளர் வரிசை நிறைந்திருந்தது. கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக் கணக்குப்போடுவது என் தொழில். அங்கே எதிர்ப்பாளர்கள் பலர் இருந்தார்கள். யார் எந்த எண் என்று மட்டும் எவருக்கும் தெரியாது. ரூபியும் இன்னும் சிலரும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார்கள். ஜுனிப்பர் இல்லை. அவள் முந்தின நாளே தன் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

எழுத்தர் எதிர்ப்புகளை வாசித்தார். சில வெறும் அருவருப்பு. சில வீட்டு விலை. எதிர்ப்பாளர் எண் பதினேழின் கடிதம் வேறு மாதிரி. அக்கறையோடு எழுதப்பட்டது. 'இந்தப் பெண்கள் குரலற்றவர்கள். அவர்களால் பேச முடியாது. அவர்களுக்காக நாங்கள் பேசுகிறோம்.'

கடைசி வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

கிளெனிஸ் எழுந்தார். நீலக் கோட்டு, நல்ல செருப்பு. முழுப் பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார். கேமராவைப் பார்த்து, வீட்டு எண் உட்பட, ஒவ்வொரு எழுத்தாக.

"கவுன்சிலரம்மா, பேச முடியாதவங்கன்னு படிச்சாங்க. பேசுனாங்க. கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தாங்க. நீங்க அவங்க பேர எடுத்துத் தெருவுல போட்டீங்க. பயந்துபோய்த் திரும்ப வாங்கிட்டாங்க. இப்ப பேசலைன்னு சொல்றீங்க. கழுத்த நெரிச்சவனே, இவ ஏன் பாட மாட்டேங்குறான்னு கேட்ட கதையா இருக்கு."

"அந்தப் பிழைக்காக நகராட்சி வருந்துகிறது, மிஸஸ் ஹார்க்கர். ஆனால் திரும்பப் பெற்ற கடிதத்தை நாங்கள் பார்க்க முடியாது. நீங்கள் உங்கள் பணியைப் பற்றிச் சொல்லுங்கள்."

சொன்னார். தைத்தது, ரொட்டி வாட்டியது, வாசலில் நின்றது. கடையை மூடினால் யார் எங்கே போவார்கள் என்றும் சொன்னார். நன்றாகவே பேசினார். இடது பக்கக் கவுன்சிலர் தலையாட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் பொறுப்பேற்றிருக்கும் இந்தப் பெண்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி எங்களுக்கு அடையாளம் காட்ட முடியுமா? ஒருவர் போதும். அவர் உண்மையில் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நாங்கள் திருப்தி அடைய."

கடைசி வரிசையில் ரூபி பாதி எழுந்தாள். கிளெனிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினார். உட்கார்.

"முடியாதுங்க."

"ஏன்?"

"எனக்குத் தெரியாது."

"பெயர்கள் தெரியாதா?"

"நாலு வருஷமா ஒருத்திக்கு நான்தான் ஜிப்பு போட்டுவிட்டேன். அவளுக்கு எந்தப் பல்லு வலிக்கும்னு தெரியும். அவ பேரு தெரியாது. தெரிஞ்சிக்காம இருக்கிறதுதாங்க என் வேலை."

மேலே சிரிப்பு எழுந்தது. அன்பான சிரிப்பில்லை. தலைவர் எதையோ எழுதிக்கொண்டார். கிளெனிஸின் கழுத்து சிவந்துவிட்டது.

"சிரிக்கிறவங்க எழுந்திருச்சு உங்க பேரச் சொல்லுங்க பாப்போம்! யாரு அந்தப் பதினேழு? எங்களுக்காகப் பேசுறேன்னு எழுதுன அந்தப் புண்ணியாத்மா யாரு? கேமராவப் பாத்து, வீட்டு நம்பரோட சொல்லட்டும்!"

"மிஸஸ் ஹார்க்கர், எதிர்ப்பாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இன்னொரு முறை இப்படிப் பேசினால் வெளியேறச் சொல்வேன்."

"தெரியும்மா. அவங்களுக்கு இருக்கு."

உரிமம் மறுக்கப்பட்டது. சில நாளில் வந்த தீர்ப்புக் கடிதத்தில் காரணங்கள் வரிசையாக இருந்தன. பகுதியின் இயல்பு மாறிவருகிறது. ஆடும் பெண்கள் எவரும் ஆதரவு தெரிவிக்கவில்லை. அதற்கடுத்த காரணம்: நலப் பொறுப்பாளர் என்று சொல்லப்படுபவருக்குத் தன் பொறுப்பில் உள்ள பெண்களின் பெயர்கூடத் தெரியவில்லை, இது அவர்களுடைய நலனில் அக்கறையின்மையைக் காட்டுகிறது.

நான் அதைக் கிளெனிஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கத்தவில்லை. இன்னொரு முறை வாசி என்றார். வாசித்தேன். ஒப்பனை அறைக் கண்ணாடியைச் சுவரிலிருந்து தானே கழற்றிக்கொண்டிருந்தார். லென் காட்ஸ்பி அதையும் விற்கச் சொல்லியிருந்தான். கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்துவிட்டு, செருப்புக் காலாலேயே அதை உதைத்தார். ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவது உதையில் விரிசல் விட்டது.

"லென்கிட்ட சொல்லு, அக்கறையில்லாதவ ஒடச்சுட்டான்னு."

பெண்கள் கலைந்தார்கள். சிலர் ரயிலில் அடுத்த நகரத்துக் கிளப்புக்குப் போகிறார்கள். அங்கே கட்டணம் இரண்டு பங்கு. சிலர் புறவழிச் சாலை ஹோட்டல்களில் தனிப்பட்ட விருந்துகளுக்கு ஆடுகிறார்கள். அங்கே மீட்டர் இல்லை, கேமரா இல்லை, வாசலில் ஆள் இல்லை. எந்த உரிமமும் தேவையில்லை, ஏனென்றால் அது விருந்து. ட்ரெவர் நாய்க் காப்பக உரிமங்களுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜுனிப்பர் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்தானா என்பதும் யாருக்கும் தெரியாது.

கிளெனிஸ் மீனுக்கே திரும்பினார். மீன்சந்தைச் சந்தில் ஒரு கடை. கவுன்டருக்குப் பின்னால் நின்று புகையிட்ட ஹாடக் விற்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் நான் அங்கே வாங்குவேன். சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளி, எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது, நல்ல கோட்டு, கையில் துணிப்பை. மீன் கேட்கவில்லை.

"நீங்க மிஸஸ் ஹார்க்கர்தானே? வீடியோல பாத்திருக்கேன்."

"பாத்திருப்ப. அட்ரஸோட சொன்னேனே."

"நாங்க ஒரு உதவி மையம் நடத்துறோம். அந்தத் தொழில்ல இருக்கற பெண்களுக்கு. கவுன்சில் பணம் குடுத்திருக்கு. டாக்டர், வக்கீல், தங்குறதுக்கு ரூம்கூட இருக்கு. ஆறு மாசமா தெறந்து வச்சிருக்கோம். ஒருத்திகூட வரல."

"ஓ."

"அவங்க யார்னே எங்களுக்குத் தெரியல. அதான்... நீங்க பேரு குடுத்தீங்கன்னா, நாங்களே தேடிப் போவோம். உங்களுக்கும் அவங்க மேல அக்கறை இருக்குன்னு தெரியும். நான் மறைக்க விரும்பல. நானும் அப்ப ஒரு கடிதம் எழுதினவதான். என் பேரு..."

"நிறுத்து."

கிளெனிஸ் கையை உயர்த்திவிட்டார். கையில் மீன் கத்தி இருந்ததை அவரே அப்போதுதான் கவனித்தார், கீழே வைத்தார்.

"பேரு சொல்லாத. சட்டம் உனக்குக் குடுத்தது, நீயே வச்சுக்க. எண்ணு மட்டும் சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது.

"பதினேழு."

கிளெனிஸ் சிரிப்பார் என்றோ, மீனைத் தூக்கி எறிவார் என்றோ நினைத்தேன். அவர் ஒரு ஹாடக்கை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கினார். கத்தி வேகமாகப் போனது.

"சரி பதினேழு. உன்கூடப் பேசுறேன். அவங்க பேரு உனக்கு வேணுமா? எனக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொன்னதுக்குத்தான் அக்கறை இல்லாதவன்னு எழுதுனாங்க. நீயும் கைதட்டியிருப்ப."

"நான் கைதட்டல."

"சிரிச்சியா?"

அவள் துணிப்பையை மறு கைக்கு மாற்றினாள்.

"பேரு கேட்டா எவளும் வரமாட்டா. நீ ஆஃபீஸ்ல உக்காந்து, ஃபாரத்த நீட்டி, பேரு என்னன்னு கேப்ப. அங்கயே ஓடிருவா. உன் ரூம்ல சோபா இருக்கா? பூ வச்சிருக்கீங்களா? வச்சிருப்பீங்க. அதெல்லாம் வேணாம். வெள்ளிக்கெழம சாயங்காலம் புறவழிச் சாலையில அந்தப் பெரிய ஹோட்டல் இருக்குல்ல, அதோட லாபில போய் உக்காரு. ஊசி நூல், குண்டூசி, கால்ல ஒட்டுற பிளாஸ்திரி. அவ உள்ள போறதப் பாரு. வெளிய வர்ற வரைக்கும் இரு. வந்து டாக்சியில ஏறிக் கதவு சாத்துற வரைக்கும் இரு. வரலைன்னா மேல போய்க் கதவத் தட்டு. ஒரு வார்த்த கேக்காத. நான் அதத்தான் செஞ்சேன். அதுக்குத்தான் பூட்டுப் போட்டீங்க."

"வெறுமனே... உக்காரணுமா?"

"பேசறது நல்லா வரும் உனக்கு. உக்காரத் தெரியுமான்னு பாப்போம்."

அந்தப் பெண் துணிப்பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு, ஒன்றும் வாங்காமல் போகக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, அரைக் கிலோ ஹாடக் கேட்டாள். கிளெனிஸ் காகிதத்தில் சுற்றினார். கவுன்டர் ஓரத்தில் மீனோடு விற்க எலுமிச்சம்பழங்கள் குவித்திருக்கும். அதிலிருந்து நான்கு எடுத்து அவள் பையில் போட்டார்.

"இது எதுக்கு?"

"அவளுங்களுக்குத் தெரியும். நீட்டு, வாங்கிக்குவாளுங்க."

அந்தப் பெண் மீனுக்கான பணத்தை எடுத்து வைத்தாள். கிளெனிஸ் அதை எண்ணவில்லை, உள்ளங்கையைத் திறந்தபடியே நீட்டிக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சைக்கும் காசு வை, பதினேழு."